பிறையிலிருந்து புலிக்கு: புரோட்டோன் சின்னம் பற்றிய கேள்வி பதில்

பட்டர்வொர்த்தில் பழைய சாகா, வீரா கார்களைப் புதுப்பித்துக் கொடுப்பது என் தொழில். முன்பக்கச் சின்னம் சரியாக அமையாத காரை நான் வெளியே அனுப்புவதில்லை. அதனால் இந்தக் கார்களைச் செய்யும் மலேசியாவின் தேசியக் கார் நிறுவனமான புரோட்டோனின் சின்னம் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பதில் சொல்லக்கூடியவை இவை. கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

புக்கிட் மெர்தாஜாம்: அண்ணே, முதல் சாகாவின் சின்னத்தில் இருந்த நட்சத்திரத்துக்கு ஏன் அத்தனை முனை?

நல்ல கேள்வி தம்பி. முதல் சின்னம் பிறையும் 14 முனை நட்சத்திரமும். நம் தேசியக் கொடியில் இருப்பதேதான். 1963இல் மலேசியா உருவானபோது சிங்கப்பூரையும் சேர்த்து 14 மாநிலங்கள். 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது, ஆனால் முனையைக் குறைக்கவில்லை. இப்போது 13 மாநிலங்களையும் கூட்டரசையும் குறிப்பதாகக் கொள்கிறோம்.

ஏன் கொடியிலிருந்தே எடுத்தார்கள்? புரோட்டோன் 1983 மே மாதம் தொடங்கப்பட்டது, சாகா 1985 ஜூலை 9 அன்று வெளிவந்தது. உள்ளே இருந்தது மிட்சுபிஷியின் தொழில்நுட்பம், உடல் லான்சர் பியோரேயை ஒட்டியது. கதவைத் திறந்து பார்த்தாலும் பானெட்டைத் தூக்கிப் பார்த்தாலும் ஜப்பான்தான். 'இது நம்முடையது' என்று சொல்லும் பொறுப்பு முழுவதும் அந்தச் சின்னத்தின் தலையில் விழுந்தது. அதைச் செய்தும் காட்டியது. அதே 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது அன்றைய பிரதமர் மகாதீர் சிவப்புச் சாகாவில்தான் பாலத்தைக் கடந்தார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பாலத்தையும் சாகாவையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

செந்தூல்: கீலி வாங்கிய பிறகுதானே பிறையை எடுத்துவிட்டுப் புலியை வைத்தார்கள்?

இல்லை. புலி வந்தது 2000இல், வாஜா காரோடு. சீனாவின் கீலி 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது 2017இல். நடுவில் 17 ஆண்டுகள்.

வாஜாவோடு வந்ததற்குக் காரணம் உண்டு. எஞ்சின் தொடக்கத்தில் மிட்சுபிஷியுடையதாக இருந்தாலும், வடிவமைப்பில் புரோட்டோன் தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட முதல் கார் அது. சொந்தமாக வரைந்த காருக்குச் சொந்தமாக ஒரு முகம் வேண்டும் அல்லவா? கொடி நாட்டுக்குச் சொந்தம், புலித்தலை நிறுவனத்துக்குச் சொந்தம். மாற்றியது சரி என்பதே என் கருத்து.

அப்புறம் அந்தப் புலி நிற்கவே இல்லை. முதலில் கேடயத்துக்குள், வண்ணங்களோடு இருந்தது. 2008இல் திருத்தினார்கள். 2016இல் புதிய பெர்டானா காரோடு வெள்ளி நிறம் மேலோங்கியது. 2019 செப்டம்பரில் கோடுகளைக் குறைத்து, வட்டத்துக்குள் தலையை மட்டும் வைத்தார்கள்.

பாயான் லெப்பாஸ்: பழைய வீரா ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். முன்னால் புலிச் சின்னம். அப்படியென்றால் 2000க்குப் பிந்திய காடிதானே?

சின்னத்தைப் பார்த்து ஆண்டைச் சொல்லாதீர்கள்! என் பட்டறைக்கு வரும் எல்லோருக்கும் சொல்கிறேன். அது பத்து நிமிடத்தில் மாற்றக்கூடிய பொருள். 1994 வீராவில் புலியும் பார்த்திருக்கிறேன், 2002 வீராவில் ஆசைப்பட்டு ஒட்டிய பிறையும் பார்த்திருக்கிறேன். கிரானை, அதாவது காரின் பதிவுப் பத்திரத்தை, கேட்டு வாங்கி, அதில் உள்ள சேசி எண்ணைக் காரில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். புரோட்டோன் எண் PL1 என்ற மூன்று எழுத்துகளில் — அதாவது பி, எல், ஒன்று — தொடங்கும். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடமோ புதுப் பெயிண்டோ தெரிந்தால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள்.

சுங்கை பட்டாணி: ஐயா, கடாரத்தை, அதாவது நம் கெடாவை, வென்றது இராஜேந்திர சோழன். அவன் கொடியில் புலி. புரோட்டோன் புலி சோழர் புலிதான் என்று ஏன் யாரும் சொல்வதில்லை?

இல்லை என்பதால்தான் சொல்வதில்லை. மலாயாப் புலி இந்தக் காட்டு விலங்கு. நாட்டின் அரசுச் சின்னத்தில் கேடயத்தைத் தாங்கி நிற்பவை இரண்டு புலிகள். அதற்கும் முன்னால், பிரிட்டிஷ் காலத்துக் கூட்டு மலாய் மாநிலங்களின் கொடியிலும் தபால்தலையிலும் பாயும் புலி இருந்தது. புரோட்டோன் எடுத்தது பக்கத்திலேயே இருந்த இந்தப் புலியை.

அதே சுங்கை பட்டாணி: அந்தப் புலியே சோழர் விட்டுச்சென்றதாக இருக்கலாமே?

'இருக்கலாமே' என்பது சான்று ஆகாது. சோழர் செப்பேட்டு முத்திரையைப் பாருங்கள். புலி முழு உடலோடு உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் பாண்டியரின் இரண்டு மீன், சேரரின் வில், மேலே குடையும் சாமரமும். மற்ற இரு வேந்தரையும் அடக்கிய அரசன் நான் என்று சொல்லும் அமைப்பு அது. புரோட்டோனிடம் இருப்பது தலை மட்டும். மீனும் இல்லை, வில்லும் இல்லை, குடையும் இல்லை. 1025இல் நடந்த படையெடுப்புக்கும் 2000இல் வரைந்த சின்னத்துக்கும் இடையில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. இணைக்கும் ஓர் ஓலையாவது, கல்லாவது காட்டுங்கள்.

நிபோங் திபால்: சுங்கை பட்டாணிக்காரர் சொல்வதில் என்ன தப்பு? நம் பிள்ளைகள் பெருமைப்படட்டுமே.

தப்பு இருக்கிறது அம்மா. பிள்ளை பள்ளியில் போய் இதைச் சொல்லும், ஆசிரியர் ஆதாரம் கேட்பார், பிள்ளை தலைகுனிந்து நிற்கும். அப்புறம் உண்மையான கடாரத்தையும் அது நம்பாது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு உங்கள் வீட்டிலிருந்து ஒரு பொழுதில் போய்வரும் தூரம்தான். அங்கே மண்ணிலிருந்து எடுத்த கோயில் அடித்தளங்கள் இருக்கின்றன. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டுங்கள். பெருமைக்கு அது போதும், கார் கம்பெனியிடம் கடன் வாங்க வேண்டாம்.

இதே வாதத்தோடு இன்னும் பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் இதே பதில். ஒரு செய்தி மட்டும் சேர்க்கிறேன். காட்டில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. புலி யாருடையது என்று சண்டை போடும் நமக்கு அந்த எண்ணிக்கைதான் உறுத்த வேண்டும்.

கிள்ளான்: கீலி வந்த பிறகுதான் புலி வந்ததா?

செந்தூலுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஜெலுத்தோங்: எல்லாக் கம்பெனியும் லோகோவைத் தட்டையாக்குவது ஏன்? புடைத்து நின்றதுதானே அழகு?

எனக்கும் புடைத்த குரோம்தான் பிடிக்கும். ஆனால் வோக்ஸ்வேகன் 2019இல், பிஎம்டபிள்யூவும் நிசானும் 2020இல் தட்டையாக்கிவிட்டன. சின்னத்தை இப்போது முதலில் பார்ப்பது கைப்பேசியில், விரல் நகம் அளவில். நிழலும் மினுக்கும் அங்கே அழுக்குப்போலத் தெரியும்.

இன்னொரு காரணம் காரிலேயே இருக்கிறது. தானாக பிரேக் பிடிக்கும் கார்கள் பலவற்றில் ரேடார் முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். அலை ஊடுருவ வேண்டும் என்பதால் அந்தச் சின்னத்தை உலோகம் இல்லாமல், ஒரே சீரான தடிமனில் செய்கிறார்கள். அப்படிப்பட்ட காரில் கடையில் வாங்கிய உலோகச் சின்னத்தை ஒட்டாதீர்கள், கறுப்புப் பெயிண்டும் அடிக்காதீர்கள். ரேடார் குருடாகிவிடும்.

ஆயர் ஈத்தாம்: புரோட்டோன் சத்ரியாவில் மிட்சுபிஷி சின்னம் போடலாமா?

உங்கள் கார், உங்கள் விருப்பம். விற்கும்போது மட்டும் வாங்குபவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அந்த மூன்று வைரமும் வெறும் அலங்காரம் இல்லை. நிறுவனர் இவாசாகியின் குடும்பச் சின்னமான மூன்றடுக்குச் சாய்சதுரமும், தோசா பகுதியை ஆண்ட யமாவுச்சி குடும்பத்தின் மூன்று ஓக் இலையும் சேர்ந்து உருவானது. எனக்கு வேறொருவர் வீட்டுச் சின்னத்தை ஒட்ட மனம் வராது.

செபெராங் ஜெயா: மைவி லோகோ பற்றியும் சொல்லுங்களேன்.

மைவியைச் செய்யும் பெரோடுவா 1997இல் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த சின்னம் அது. வென்றவர் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக் கட்டடக்கலை மாணவர். 1998இல் கெம்பாரா காரோடு வந்தது. பச்சையும் சிவப்பும் கொண்ட நீள்வட்டத்தில் 'பி' எழுத்தும் இரண்டு என்ற எண்ணும் பின்னியிருக்கும். இரண்டாவது தேசியக் கார் நிறுவனம் அல்லவா. புரோட்டோனின் எந்தச் சின்னத்தையும்விட இது சுத்தமான வரைவு என்று நினைக்கிறேன். இத்தனை ஆண்டு தாங்கியதே சான்று.

பிறை ஊர்: டயர் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும்.

ஈப்போ: கீலிதான் புலியை...

இல்லை. 2000, வாஜா.

தஞ்சோங் தொக்கோங்: அப்பாவின் சாகாவிலிருந்து பிறைச் சின்னத்தை உடைக்காமல் எடுக்க வேண்டும். எப்படி?

முதலில் பின்பக்கம் கையை விட்டுப் பாருங்கள், ஊசிபோன்ற கால்கள் துளைக்குள் பூட்டியிருக்கிறதா என்று. இருந்தால் பின்னாலிருந்துதான் கழற்ற வேண்டும். ஒட்டியது மட்டும் என்றால் முடி உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடாக்கி, தூண்டில் நரம்பைச் சின்னத்துக்குப் பின்னால் நுழைத்து, ரம்பம்போல இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், பழைய பிளாஸ்டிக் குரோம் பிஸ்கட்போல நொறுங்கும். மிச்சப் பசையை விரலால் உருட்டி எடுங்கள். தின்னர் மட்டும் வேண்டாம், பெயிண்டைத் தின்றுவிடும்.