பின் நம்பரை நீங்களே போட்டுவிட்டால்? கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி)

கேள்வி: ஓடிபி யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் கணக்கிலிருந்து 18,000 ரூபாய் போய்விட்டது. கிடைக்குமா? – கடைக்காரர், தேனி

உடனே சொன்னீர்களா? ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் திருடியிருந்தால், எஸ்எம்எஸ் வந்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் போதும், நஷ்டம் உங்களுக்கில்லை. 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 4 முதல் 7 வேலை நாள் ஆகியிருந்தால் ஒரு பங்கு உங்கள் தலையில். புகார் எண் வாங்காமல் கிளையை விட்டு நகராதீர்கள்.

கேள்வி: அப்பாவை வீடியோ காலில் 'சிபிஐ' என்று மிரட்டி, அவர் கையாலேயே பணம் அனுப்ப வைத்தார்கள். அதே விதி உண்டா? – மகள், திருச்சி

இங்கேதான் ஓட்டை. அந்த விதி திருட்டை நினைத்து எழுதியது. நாமே பின் போட்டு அனுப்பினால் வங்கியின் கணினிக்கு அது ஒழுங்கான பரிவர்த்தனை. இப்படி வீடியோ காலிலேயே கைது என்று மிரட்டுவதை 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்கிறார்கள்; அப்படி நம் சட்டத்தில் எதுவுமே கிடையாது, ஆனாலும் படித்தவர்களே பயந்துவிடுகிறார்கள். பிரிட்டனில் 2024 அக்டோபரிலிருந்து இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டு வரை அனுப்பிய வங்கியும் வாங்கிய வங்கியும் பாதிப் பாதி ஏற்றுத் திருப்பித் தர வேண்டும். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது பாதி. மோசடிக்காரனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தவனும் பொறுப்பு என்கிறது.

இப்போதைக்கு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் பல கணக்குகளுக்குச் சிதறுவதற்குள் சொன்னால்தான் மிச்சத்தையாவது நிறுத்தி வைக்க முடியும்.

கேள்வி: என் கணக்கை வாடகைக்குக் கேட்கிறார்கள், மாதம் 5,000 தருவார்களாம். – கல்லூரி மாணவர்

வேண்டாம் தம்பி. ஏமாற்றிய பணத்தை உன் கணக்கு வழியாகக் கடத்தத்தான் கேட்கிறார்கள். போலீஸ் முதலில் வருவது உன் வீட்டுக்குத்தான்.

கேள்வி: அப்பாவின் பெயர், ஆதார் எண் எல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? – மீண்டும் திருச்சி

எங்கோ கசிந்திருக்கும். எங்கே என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் கசியவிட்ட நிறுவனத்துக்கு 250 கோடி வரை அபராதம் போடலாம் என்கிறது. சரி, அந்தப் பணம் யாருக்கு? அரசு கஜானாவுக்கு. உங்கள் அப்பாவுக்கு ஒரு பைசா வராது.

கேள்வி: அப்படியானால் யுபிஐயை விட்டுவிடலாமா சார்? – பலர்

பால்காரரே சில்லறை இல்லை என்கிறார், எங்கே விடுவது! தனியாக ஒரு கணக்குத் திறந்து, வாரச் செலவுக்கு மட்டும் பணம் போட்டு, அதைப் போனோடு இணையுங்கள். ஓய்வூதியம் வரும் கணக்கு போனில் இருக்கவே வேண்டாம்.