ஃபிராங்க் ஸாப்பாவின் அரசியல் என்ன? டிவி விவாதங்களில் அவர் எப்படித் தாக்குப்பிடித்தார்?

கேள்வி: ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா 1980களில் அமெரிக்க டிவி விவாதங்களில் அரசியல் பேசிக் கலக்கினார் என்கிறார்கள். அவர் இடதுசாரியா, வலதுசாரியா? அரசியல் விமர்சகர்கள் நடுவே ஒரு பாட்டுக்காரர் உட்கார்ந்து எப்படிச் சமாளித்தார்?

முதல் பாதிக்கு நேரடியான பதில்: அவரே தன்னைக் கன்சர்வேடிவ், அதாவது வலதுசாரிப் பழமைவாதி, என்றுதான் சொல்லிக்கொண்டார். அரசு சின்னதாக இருக்க வேண்டும், வரி குறைய வேண்டும், தனிமனிதர் வீட்டுக்குள் அரசு மூக்கை நுழைக்கக் கூடாது. கம்யூனிசம் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் மனிதர்களுக்குத் தனக்கென்று பொருள் வைத்துக்கொள்ளப் பிடிக்கும் என்பார். இதுவரை கேட்டால் அன்றைய அதிபர் ரீகனின் கட்சிக்காரர் போலத் தெரியும். ஆனால் அதே மூச்சில் தேவாலயங்களுக்கும் வரி போடுங்கள், மதத்தையும் ஆட்சியையும் பிரித்து வையுங்கள், எந்தப் பாட்டையும் தணிக்கை செய்யாதீர்கள் என்பார். தன் குழுவில் போதைப்பொருளுக்கு இடமில்லை என்று கறாராக இருந்தவர். ஆனாலும் வயது வந்த ஒருவர் எதை உட்கொள்கிறார் என்பதில் அரசுக்கு வேலை இல்லை என்று வாதிட்டார். பொருளாதாரத்தில் வலது, பேச்சுரிமையிலும் மதச்சார்பின்மையிலும் இடது என்று சுமாராக வகைப்படுத்தலாம். இந்தக் கலவைதான் விவாத மேசையில் அவருக்குப் பெரிய சாதகமாக அமைந்தது. எதிரே இருப்பவர் தயாரித்துக்கொண்டு வந்த 'இடதுசாரி ஹிப்பி' கேள்விகளில் பாதி முதல் நிமிடத்திலேயே செல்லாக்காசு ஆகிவிடும்.

டிவிக்கு அவர் புதியவரும் அல்ல. 1963இல், 22 வயதில், ஸ்டீவ் ஆலன் நிகழ்ச்சியில் ஒரு சைக்கிளை இசைக்கருவியாக வாசித்துக் காட்டியவர். 1978இல் சாட்டர்டே நைட் லைவ் என்ற நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியபோது, எழுதிக்கொடுத்த அட்டையைப் பார்த்துத்தான் படிக்கிறேன் என்பதைக் கேமராவுக்கே தெரிகிற மாதிரி நடந்துகொண்டு நிகழ்ச்சிக்காரர்களின் எரிச்சலைச் சம்பாதித்தார். ஆனால் இரண்டும் வேடிக்கை ரகம். அரசியல் விருந்தினர் ஆனது 1985இல்.

அந்த வருடம் வாஷிங்டனில் பி.எம்.ஆர்.சி. என்ற அமைப்பு தொடங்கியது. பெற்றோருக்கான இசை வழிகாட்டி மையம் என்று பெயர். செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோர், நிதியமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் மனைவி சூசன் பேக்கர் ஆகியோர் முன்னணியில் இருந்தனர். ஒருவர் ஜனநாயகக் கட்சி, ஒருவர் குடியரசுக் கட்சி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். ஆபாசப் பாட்டுக்கு ஒரு எழுத்து, போதைக்கு ஒன்று, மாந்திரீகத்துக்கு ஒன்று என்று சினிமாவைப் போல இசைத்தட்டுகளுக்கும் தரக்குறியீடு வேண்டும் என்று கேட்டார்கள். 1985 செப்டம்பர் 19 அன்று செனட்டின் வணிகக் குழு இதற்காக ஒரு விசாரணை நடத்தியது. இசைக்கலைஞர்கள் பக்கம் ஸாப்பா, ஜான் டென்வர், டீ ஸ்னைடர் மூவரும் சாட்சி சொன்னார்கள்.

பின்னாளில் டிவியில் அவர் பேசியதெல்லாம் அன்று வாசித்த அறிக்கையில் விதையாக இருக்கிறது. முதலில், பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தைப் படித்தார். பிறகு பாட்டு நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்குள் போகாமல் மூன்று விஷயங்களைப் பிடித்துக்கொண்டார்.

முதலாவது, சட்டத்தின் அளவுகோல். பேச்சுரிமை வழக்குகளில், குறைந்த அளவு கட்டுப்படுத்தும் வழி எது என்றுதான் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் பி.எம்.ஆர்.சி. கேட்பது பொடுகைப் போக்கத் தலையை வெட்டுவதற்குச் சமம் என்றார். இரண்டாவது, சினிமாவோடு ஒப்பிடுவது ஏன் பொருந்தாது என்பது. நடிகர் கூலிக்கு நடிக்கிறார், படத்துக்கு என்ன குறியீடு ஒட்டினாலும் அது அவரைச் சுடாது. தானே எழுதித் தானே பாடுகிறவருக்கு அந்தக் குறியீடு நெற்றியில் குத்திய முத்திரை. மூன்றாவதாகச் சொன்னதுதான் ஆளைக் கவனிக்க வைத்தது: பணம் எங்கே போகிறது? அப்போது வெற்றுக் கேசட்டுகள் மீது வரி விதிக்கும் மசோதா ஒன்று காங்கிரசில் இருந்தது. அந்த வரி இசைத்தட்டுக் கம்பெனிகளுக்குச் சாதகமானது. அது நிறைவேற வேண்டுமானால் அதே செனட்டர்களின் தயவு வேண்டும். கம்பெனிகள் உறையில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்ட இவ்வளவு சீக்கிரம் தலையாட்டுவது அதனால்தான் என்றார். இது சூழ்நிலையை வைத்துச் சொன்ன அனுமானம், நிரூபணம் அல்ல. ஆனால் இதைச் சொன்னதும் பேச்சு ஒழுக்கத்திலிருந்து பேரத்துக்கு நகர்ந்துவிட்டது.

மாற்று வழியும் கையில் வைத்திருந்தார். பாடல் வரிகளை உறையில் அச்சிடுங்கள், பெற்றோர் படித்துப் பார்த்து வாங்கட்டும் என்றார். இதில் உள்ள சிக்கலையும் அவரே சொன்னார்: பாடல் வரிகளின் உரிமை இசைத்தட்டுக் கம்பெனியிடம் தானாக இருப்பதில்லை, பதிப்பு நிறுவனத்திடம் இருக்கிறது. எதிர்ப்பை மட்டும் கொண்டுபோகிற கலைஞருக்கும், நடைமுறை தெரிந்து போகிறவருக்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில் தெரியும்.

சறுக்கலும் அங்கேதான். பி.எம்.ஆர்.சி. பெண்களை 'இன்னாரின் மனைவிமார்' என்று குத்திக்கொண்டே இருந்தார். கணவர்கள் பதவியில் இருப்பதால் வரும் ஆதாய முரண் உண்மையானதுதான், அல் கோர் அந்தக் குழுவிலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் குத்தல் தொனி அந்த முரணை மறைத்துவிட்டது. செனட்டர் ஸ்லேட் கோர்ட்டன், வாதத்துக்குப் பதில் சொல்லாமல், நீர் முரட்டுத்தனமாக அவமதிக்கிறீர் என்று மட்டும் சொல்லி நகர்ந்துகொள்ள முடிந்தது. ஃபுளோரிடா செனட்டர் பாலா ஹாக்கின்ஸ், உங்கள் பிள்ளைகள் என்ன பொம்மை வைத்து விளையாடுகிறார்கள் என்று கேட்டார். வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன் என்றார் ஸாப்பா. அடுத்து, ராக் இசை விற்பனையில் உங்களுக்கு லாபம் உண்டா என்று ஹாக்கின்ஸ் கேட்டார். உண்டு என்றதும், அவ்வளவுதான், எல்லாம் புரிந்துவிட்டது என்கிற தோரணையில் முடித்துக்கொண்டார். இந்தக் கேள்வி எல்லாக் கலைஞருக்கும் வரும். மறுக்கவும் முடியாது, விளக்கவும் நேரம் தர மாட்டார்கள். ஆமாம் என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டு, கேட்டவரின் ஆதாயத்தை உடனே அதே மூச்சில் கேட்பதுதான் ஒரே வழி. அன்று அது நடக்கவில்லை.

இனி நீங்கள் கேட்ட டிவி விவாதம். 1986 மார்ச் 28, சி.என்.என். தொலைக்காட்சியின் கிராஸ்ஃபயர் விவாத நிகழ்ச்சி. நெறியாளர்கள் இருவர்: இடப்பக்கம், அதாவது இடதுசாரித் தரப்பில் டாம் பிரேடன், வலதுசாரித் தரப்பில் ராபர்ட் நோவாக். விருந்தினர் இருவர்: ஸாப்பாவும், வாஷிங்டன் டைம்ஸ் பத்தி எழுத்தாளர் ஜான் லாஃப்டனும். அரை மணி நேர நிகழ்ச்சி. விளம்பரம், அறிமுகம், முடிப்புரை போனால் பேச்சுக்கு மிஞ்சுவது சுமார் 20 நிமிடம். அதை நான்காகப் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்து. குறுக்கீட்டில் ஒன்றரை நிமிடம் போகும் என்று வைத்துக்கொண்டால், தன் வாதத்தை வைக்க மூன்றரை நிமிடம், அதுவும் பத்துப் பத்து வினாடித் துண்டுகளாக. நம்மூர் இரவு விவாதங்களில் ஆறு பேரை உட்கார வைக்கிறார்கள், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அரசியல்வாதிகளுக்கு இந்தத் துண்டுப் பேச்சு பழக்கம். கலைஞர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகிறார்கள்: 'முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன்' என்று ஆரம்பிப்பார்கள், பின்னணி முடிவதற்குள் இடைவேளை வந்துவிடும்.

ஸாப்பா கோட்டும் டையும் போட்டு, தலைமுடியை அடக்கமாக வைத்துக்கொண்டு வந்தார். தாழ்ந்த குரல், நிதான வேகம். தோற்றத்தை வைத்துக் கிண்டலடிக்கும் வாய்ப்பு முதலிலேயே போயிற்று.

இந்த மாதிரி மேசையில் வழக்கமான பொறி ஒன்று உண்டு. எங்கிருந்தாவது படு மோசமான ஒரு பாடல் வரியை எடுத்து, இதை ஆதரிக்கிறீர்களா என்று கேட்பார்கள். பெரும்பாலும் அது உங்கள் பாட்டாகவே இருக்காது. ஆதரித்தால் அந்த வரி உங்கள் தலையில் விழும். கண்டித்தால், அப்படியானால் கட்டுப்பாடு வேண்டும்தானே என்பார்கள். அன்று லாஃப்டன், தகாத உறவைப் பற்றிய பாட்டையெல்லாம் இழுத்தார். ஸாப்பா இரண்டு பக்கமும் போகவில்லை. நாம் பேசுவது சொற்களைப் பற்றி, வெறும் சொற்கள் என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப வைத்தார். ஒரு வினாடிப் பதில் என்பதால் குறுக்கிட்டு வெட்ட முடியாது. லாஃப்டன் குரலை உயர்த்த உயர்த்த, நீங்கள் நுரை தள்ளுவது எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஸாப்பா ரசித்துச் சொன்னதும் உண்டு. ஒரு கட்டத்தில் ஸாப்பாவே பொறுமை இழந்து வசைச் சொல் ஒன்றையும் விட்டார். அன்று அது எடுபட்டது, எல்லோருக்கும் எடுபடாது.

நிகழ்ச்சியின் உச்சம் வேறு. அமெரிக்காவுக்குப் பெரிய ஆபத்து கம்யூனிசம் அல்ல, நாட்டைப் பாசிச மதவாட்சியை நோக்கி நகர்த்துவதுதான் என்றார் ஸாப்பா. பனிப்போர் காலத்தில், ரீகன் ஆட்சியில், இது வெடிகுண்டு. நோவாக் சரியாகவே மடக்கினார்: ஓர் உதாரணம் சொல்லுங்கள். பெரும்பாலான கலைஞர்கள் சாய்வது இந்த இடத்தில்தான். பெரிய சொல்லைப் போட்டுவிட்டு, உதாரணம் கேட்டால் குரலைத்தான் உயர்த்துவார்கள். ஸாப்பா ஒரு வரையறையைத் தந்தார்: ஒரு குறிப்பிட்ட மதத்திலிருந்து எடுத்த ஒழுக்க விதியை ஓர் அரசு விரும்பி, அந்த மதத்தின் பார்வைக்கு ஏற்பச் சட்டமாக்கினால் அதுதான். அப்படியானால் நீங்கள் அராஜகவாதி, எல்லா ஆட்சிக்கும் அடிப்படை ஏதோ ஓர் ஒழுக்கம்தானே என்று லாஃப்டன் பாய்ந்தார். அதற்கு வந்த பதில் இன்றைக்கும் படிக்கத் தக்கது: நடத்தை சார்ந்த ஒழுக்கம் சரி, இறையியல் சார்ந்த ஒழுக்கம் அல்ல.

கறாராகப் பார்த்தால் நோவாக் கேட்டது உதாரணம், கிடைத்தது இலக்கணம். ஆபாசப் படைப்புகள் பற்றி அப்போது அரசே அமைத்திருந்த மீஸ் ஆணையத்தைக் கையில் எடுத்திருந்தால் அடி இன்னும் பலமாக விழுந்திருக்கும். 'பாசிசம்' என்ற சொல்லும் தேவைக்கு மேல் கனமானது என்பது என் கருத்து. மதவாட்சி என்பதோடு நிறுத்தியிருந்தால் வாதம் குறைந்திருக்காது.

அரசுக்கு என்னதான் வேலை என்ற பேச்சு வந்தபோது, நாட்டின் பாதுகாப்பு என்றார் ஸாப்பா. பாட்டு வரிகளால் குடும்பங்கள் தாக்கப்படுகின்றன, அதைத் தடுப்பதும் நாட்டின் பாதுகாப்புதான் என்று லாஃப்டன் திருப்பினார். ஸாப்பா தன்னைக் கன்சர்வேடிவ் என்று சொல்லிக்கொண்டதும் இந்த மேசையில்தான். பி.எம்.ஆர்.சி.யில் இரு கட்சிக் குடும்பங்களும் இருந்ததால், இடப்பக்க நாற்காலி தனக்குக் கைகொடுக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க முடியாது. ஒரு முகாமைச் சார்ந்து போயிருந்தால் நடுவில் தனியாக நின்றிருப்பார்.

விளைவு என்ன என்று கேட்டால், ஸ்டிக்கர் விஷயத்தில் தோல்விதான். கிராஸ்ஃபயருக்கு முன்பே, 1985 நவம்பர் 1 அன்று, இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் எச்சரிக்கை வாசகத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டது. 1990இல் அது ஒரே மாதிரியான கறுப்பு வெள்ளை முத்திரையாகியது. வால்மார்ட் போன்ற கடைகள் முத்திரை உள்ள இசைத்தட்டுகளை விற்பதில்லை என்று வைத்துக்கொண்டன. சட்டமே இல்லாமல் கடை அலமாரியில் தணிக்கை வரும் என்ற கவலை பொய்க்கவில்லை. வெற்றுக் கேசட் வரி அப்போது நிறைவேறவில்லை. 1992இல் டிஜிட்டல் பதிவுக் கருவிகளுக்கும், அவற்றுக்கான நாடா, வட்டுகளுக்கும் மட்டும் ஒரு கட்டணம் சட்டமாயிற்று.

1988 சுற்றுப்பயணத்தில் கச்சேரி அரங்குகளிலேயே வாக்காளர் பதிவு மேசை போட்டார். டிவியில் பேசியதைவிட இது உருப்படியான அரசியல் என்பேன். 1990 ஜனவரியில் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகுக்குப் போனார். அந்நாட்டு அதிபர் ஹாவெல் அவரை மேற்குலகத்துக்கான வணிக, பண்பாட்டு, சுற்றுலாத் தூதராக்க விரும்பினார். அடுத்த மாதம் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பிராகுக்கு வந்துபோன பின் அது அதிகாரபூர்வமற்ற பொறுப்பாகச் சுருங்கியது. அந்த அமைச்சர் வேறு யாருமல்ல, சூசன் பேக்கரின் கணவர் ஜேம்ஸ் பேக்கர். அதே ஆண்டு எஃப்.என்.என். என்ற பொருளாதாரச் செய்தி சேனலில் ஸாப்பாவே நெறியாளர் நாற்காலியில் உட்கார்ந்து ஹாவெலைப் பேட்டி கண்டார். அதிபர் தேர்தலில் நிற்பது பற்றியும் யோசித்தார், ஆனால் புரோஸ்டேட் புற்றுநோய் விடவில்லை. 1993 டிசம்பர் 4 அன்று இறந்தார்.

பார்க்க வேண்டுமென்றால் செனட் சாட்சியத்தை முதலில் பாருங்கள், கிராஸ்ஃபயரை அடுத்து. வரிசை மாறினால் அந்த மேசையில் அவர் சொல்வது வெறும் பஞ்ச் வசனமாகத் தோன்றும். நேரம் இருந்தால் அதே நாள் ஜான் டென்வர் சாட்சியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதுவான கிராமியப் பாடகர் என்ற பெயர் எடுத்தவர், மலைகளைப் பற்றிய தன் பாட்டைப் போதைப் பாட்டு என்று நினைத்துச் சில வானொலிகள் தடை செய்த கதையைக் குரல் உயர்த்தாமல் சொல்லுவார். ஸாப்பாவின் தொனியால் தப்பித்துக்கொண்ட செனட்டர்களுக்கு டென்வரிடம் அந்தச் சாக்கு கிடைக்கவில்லை.