பழனி பாதயாத்திரை: முதல் நாள்லயே கால் பொத்துப் போச்சுன்னா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 52 வயசு, சுகர் வந்து 8 வருஷம் ஆச்சு. போன தைப்பூசத்துக்கு மதுரை செல்லூர்ல இருந்து பழனிக்கு வெறுங்காலோட கிளம்புனவர், முதல் நாளே வாடிப்பட்டியில ரெண்டு உள்ளங்காலும் கொப்புளமாகி பஸ் ஏறி வந்துட்டார். புண்ணு ஆற ரெண்டு மாசம் ஆச்சு. "வலியே தெரியல, தரையில ஈரத்தைப் பார்த்துதான் குனிஞ்சு பார்த்தேன்"னு சொல்றார். இந்த வருஷமும் மாலை போட்டுட்டார், சொன்னா கேக்க மாட்டேங்குறார். என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: அம்மா, கொப்புளத்தை விட்டுத்தள்ளுங்க, அந்த "வலியே தெரியல"தான் எனக்கு பயமா இருக்கு. நல்ல காலா இருந்தா தோல் உரியுறதுக்கு முன்னாடியே சுள்ளுனு எரிஞ்சு ஆளை ஓரமா உக்கார வச்சிரும். சுகர் ரொம்ப வருஷமா இருந்தா கால் நரம்பு மரத்துப் போகும், அப்ப அந்த எச்சரிக்கை மணி அடிக்கவே அடிக்காது. பாதயாத்திரை போறவங்க பகல்ல ரோட்டோர வெள்ளைக்கோட்டு மேலயே அடி வச்சு போவாங்க பாத்திருக்கீங்களா, தார் அளவுக்கு சுடாதுன்னு. உங்க வீட்டுக்காரருக்கு அந்த வித்தியாசமே தெரியாம போயிருக்கலாம்.

அதனால கிளம்புறதுக்கு முன்னாடி அவர் பாக்குற டாக்டர்கிட்ட பாதத்தை காட்டுங்க. மெல்லிசா ஒரு நைலான் இழையை உள்ளங்கால்ல அங்கங்க வச்சு அழுத்தி "தெரியுதா"ன்னு கேப்பாங்க, ரெண்டு நிமிஷ வேலை. தெரியலன்னு சொன்னார்னா வெறுங்கால் நடை கிடையாது, இதுல நான் இறங்கி வரமாட்டேன். நல்லா பழகுன ஷூ போட்டு நடக்கட்டும், வேண்டுதலுக்கு பழனி அடிவாரத்துல கழட்டிட்டு படி ஏறட்டும், அதுவும் வெயிலுக்கு முன்னாடி. பழகுன ஷூன்னு அழுத்தி சொல்றேன். நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப புத்தம்புது ஷூவோட கிளம்பி கொடைரோடு வர்றதுக்குள்ள குதிகால் ரெண்டும் போச்சு, டாக்டருக்கே கட்டு போட்டு விட்டது கூட வந்த ஒரு டீக்கடைக்காரர்.

முதல் நாள்தான் எல்லாரும் கெடுத்துக்குறது. மேளம், கோஷம், கூட்டம், அந்த வேகத்துல 30 கிலோமீட்டர் இழுத்துருவாங்க, மறுநாள் காலையில கெண்டைக்கால் கல்லா இறுகி எந்திரிக்க முடியாது. பழக்கம் இல்லாதவருக்கு முதல் நாள் சமயநல்லூர் வரைக்கும், மிஞ்சுனா இன்னும் கொஞ்ச தூரம், அது போதும். இப்ப இருந்தே தினம் காலையில வைகைக் கரையோரமா நடந்து தூரத்தை கொஞ்சங்கொஞ்சமா கூட்டட்டும்.

மாத்திரை விஷயம். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்தார்னா, விரதம்னு சாப்பிடாம நடந்தா சுகர் டக்குனு இறங்கிரும், கை நடுங்கும், வேர்த்து ஊத்தும், பேச்சு குழறும். உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையை தண்ணியில கரைச்சு குடுக்கணும், 15 நிமிஷத்துல தெளியலன்னா இன்னொரு தடவை. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108க்கு போன் போடுங்க. டோஸை எவ்வளவு குறைக்கணும்னு டாக்டரை கேளுங்க, நீங்களா நிறுத்திராதீங்க. இதுக்கு நேர் எதிரா வழியெல்லாம் அன்னதானப் பந்தல்ல கேசரி, சர்க்கரைப் பொங்கல்னு கூப்பிட்டு கூப்பிட்டு குடுப்பாங்க, பிரசாதம்னு ஒரு வாய் போதும்.

கால் வலிக்குதுன்னு மெடிக்கல்ல டைக்ளோஃபினாக் வாங்கி போட்டுக்கிட்டே நடக்குறாங்க, வேர்த்து தண்ணி குறைஞ்ச உடம்புல அது கிட்னியை பதம் பார்க்கும். சிறுநீர் கோலா கலர்ல போச்சுன்னா நடையை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிதான்.

கொப்புளம் வந்துட்டா ஊசியால குத்துறது, தோலை பிய்க்கிறது ரெண்டும் சுகர்காரங்க கூடாது. சுத்தமா கழுவி, துணி வச்சு கட்டி, அன்னிக்கே டாக்டரை பாக்கணும். சாக்ஸ் வெள்ளை காட்டன்ல வாங்கிக் குடுங்க, கருப்புல நீரோ ரத்தமோ கசிஞ்சா தெரியாது. ஒவ்வொரு தடவை உக்காரும்போதும் சாக்ஸை கழட்டி செல்போன்ல உள்ளங்காலை போட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. அவர் "ஒண்ணுமில்ல"ம்பார், நீங்க போட்டோவை பெருசாக்கி பாருங்க.