மேடை ஒருத்திக்கு, திரை இன்னொருத்திக்கு

கே: 2023-இல் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸுக்கு ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகம் வந்தபோது குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த படத்தைத்தான் நாடகமாக்கிவிட்டார்கள் என்று என் கணவர் இன்றுவரை அடித்துச் சொல்கிறார். சரியா?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

ப: வீட்டுக்காரரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், விஷயம் தலைகீழ். நாடகம் நியூயார்க்கின் பிராட்வேயில் 1959 நவம்பரிலேயே அரங்கேறிவிட்டது, படம் வந்தது 1965-இல். மேடையில் மரியாவாகப் பாடி நடித்தவர் மேரி மார்ட்டின். கன்னிமாடத்தில் சேர வந்த சின்னப்பெண் வேடம், அம்மாவுக்கோ அப்போது 46 வயது நெருங்கிவிட்டது! அந்த வேடத்துக்கே டோனி விருதும் வாங்கினார், அமெரிக்க மேடைக்காரர்களுக்கு அதற்கு மேல் விருது கிடையாது.

அவர் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. 1949-இல் ‘சவுத் பசிபிக்’ நாடகத்தில், இனி அந்த ஆளே வேண்டாம் என்று பாடிக்கொண்டே மேடையில் நிஜமாகவே ஷாம்பு போட்டுத் தலையை அலசுவார். நாம் ‘தலைமுழுகிட்டேன்’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போவதை அவர் வாரத்துக்கு எட்டுக் காட்சி செய்தே காட்டினார். 1958-இல் அதைப் படமாக்கினார்கள், வேடம் மிட்ஸி கேனருக்குப் போனது. அப்புறம் மரியாவும் கைமாறியது.

அதற்காக ஜூலியைத் திட்டிவிடாதீர்கள், அவரும் அதே அடி வாங்கியவர்தான். ‘மை ஃபேர் லேடி’யை 1956-இல் மேடையில் தூக்கி நிறுத்தியவர் அவர், படமாக்கும்போது திரையில் பிரபலமான முகம் வேண்டும் என்று ஆட்ரி ஹெப்பர்னைப் போட்டு, பாட்டில் பெரும்பகுதிக்கு மார்னி நிக்சனின் குரலை இரவல் வாங்கினார்கள். அந்தப் படம் வந்த அதே 1964-இல் ஜூலி நடித்த ‘மேரி பாப்பின்ஸ்’ வெளிவந்து, அவர் ஆஸ்கரைத் தட்டிக்கொண்டு போனார், ஆட்ரிக்குப் பரிந்துரைகூட இல்லை.

நம்ம கே.பி.சுந்தராம்பாள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர். நாடக மேடையில் பேர் வாங்கிய அந்தக் குரல் 1953-இல் ‘ஔவையார்’ படத்தில் அப்படியே வந்துவிட்டதால் இன்றைக்கும் கேட்க முடிகிறது. அவரோடு சேர்ந்து மேடையைக் கலக்கிய கணவர் கிட்டப்பா 1933-இலேயே போய்விட்டார், அவர் பாட்டுக்கு இசைத்தட்டுகள்தான் மிச்சம்.

கே: ஜூலி ஆண்ட்ரூஸ் ஏன் இப்போது பாடுவதில்லை?
– வாசகர், செம்பூர்

ப: 1997-இல் தொண்டையில் ஓர் அறுவைச் சிகிச்சை, அதற்குப் பிறகு அந்தப் பாட்டுக்குரல் திரும்பவே இல்லை. மகளோடு சேர்ந்து குழந்தைகளுக்குப் புத்தகம் எழுத ஆரம்பித்தார். பேச்சுக்குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ‘பிரிட்ஜர்டன்’ தொடர் பார்க்கிறவர்களா? அதில் ஊர்வம்பெல்லாம் சொல்லும் லேடி விசில்டவுனின் குரல் அவருடையதுதான்.