வெந்நீர்க் குளியலும் பச்சைத் தண்ணீர்க் குளியலும்: உடலுக்குள் நடப்பது என்ன?

இரவில் வெந்நீரில் குளித்தால் தூக்கம் வருகிறது, காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தால் தூக்கம் கலைகிறது. ஏன்? காரணம், தோலுக்கு அடியில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள்.

உடலின் வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி. அதைவிடச் சூடான நீர் பட்டால் இந்தக் குழாய்கள் விரிந்து, இரத்தம் தோலை நோக்கிப் பாய்கிறது. குளித்து முடித்ததும் வெப்பம் தோல் வழியே வெளியேறி, உள்ளுடல் சற்றுத் தணிகிறது. புழுக்கமான வீட்டில் மாலையில் ஜன்னல்களைத் திறந்துவிடுவதைப் போல. தூக்கம் வரும் முன் உடல் தானாகவும் இப்படித்தான் தணியும்; வெந்நீர் அதற்குக் கைகொடுக்கிறது. எனவே படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே குளித்துவிடுங்கள்.

குளிர்ந்த நீர் பட்டால் ஜன்னல்கள் சாத்தப்படுகின்றன. குழாய்கள் சுருங்கி, மூச்சு வாங்கி, இதயம் வேகமாகத் துடிக்கிறது. இந்த அதிர்ச்சியைத்தான் சுறுசுறுப்பாக உணர்கிறோம். இதய நோய் உள்ளவர்கள் சட்டென்று தலையில் ஊற்றிக்கொள்ளவே கூடாது. நெதர்லாந்தில் 3,018 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், குளியலின் முடிவில் 30 முதல் 90 விநாடி குளிர்ந்த நீரில் நின்றவர்கள் நோய்க்காக விடுப்பு எடுத்தது 29 சதவீதம் குறைந்தது. ஆனால் நோயுற்ற நாட்கள் குறையவில்லை.

பச்சைத் தண்ணீரில் குளித்தால் சளி பிடிக்கும் என்கிறார்கள். சளியை உண்டாக்குவது வைரஸ், தண்ணீரின் குளிர்ச்சி அல்ல.