பூசும் முகப்பரு மருந்து வேலை செய்வதைத் தோல் படங்கள் எப்படிக் காட்டுகின்றன?

தோல் படப்பதிவு என்பது, மருந்தைத் தொடங்கும் முன்பும் பிறகு சில வார இடைவெளிகளிலும், ஒரே ஒளியில், ஒரே கோணத்தில், ஒரே தொலைவிலிருந்து தோலைப் படமெடுத்து ஒப்பிடும் முறையாகும்.

இது தேவைப்படுவதற்குக் காரணம் பருவின் இயல்பே. பரு கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, மயிர்க்கால் துளைக்குள் இறந்த செல்களும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து நுண்ணிய அடைப்பு உருவாகிவிடுகிறது. வைட்டமின் ஏ சார்ந்த ரெட்டினாய்டு வகைக் களிம்புகள் அந்த அடைப்பு உருவாவதைத் தடுப்பதால், பலன் வெளியே தெரியப் பொதுவாக 8 முதல் 12 வாரங்கள் ஆகின்றன. நாள்தோறும் பார்க்கும் பெற்றோருக்குத் தெரியாத குழந்தையின் வளர்ச்சியைச் சுவரில் போட்ட பென்சில் கோடுகள் காட்டிவிடுவதைப் போல, மெதுவான இந்த மாற்றத்தைப் படங்கள் காட்டுகின்றன. பலர் மூன்றாம் வாரத்திலேயே நம்பிக்கை இழந்து மருந்தைக் கைவிடுவதால், இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

சாதாரணப் படத்தில் பருக்களை எண்ணலாம். முனைவாக்கிய ஒளி, அதாவது ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டிய ஒளி, மேற்பரப்பின் பளபளப்பை நீக்கி அடியிலுள்ள சிவப்பைத் தெளிவாக்குகிறது. புற ஊதா ஒளியிலோ, பருவோடு தொடர்புடைய பாக்டீரியா உண்டாக்கும் போர்பைரின் என்னும் பொருள் செம்மஞ்சள் புள்ளிகளாக ஒளிர்கிறது. பென்சாயில் பெராக்சைடு என்னும் பூசு மருந்து அந்தப் பாக்டீரியாவைக் கொல்வதால் புள்ளிகள் குறையலாம். தோலின் உள்ளடுக்குகளை லேசர் ஒளியால் படமெடுக்கும் கன்ஃபோகல் நுண்ணோக்கி, தோலை வெட்டாமலேயே துளையின் அடைப்பைக் காட்டும்.

ஒளிரும் புள்ளிகள் குறைந்தாலே பரு குணமாகிவிட்டது என்று பலர் எண்ணுவது தவறு: அவை பாக்டீரியாவின் தடயத்தை மட்டுமே காட்டுகின்றன, அடைப்பையோ அழற்சியையோ அல்ல.