எண்ணப்படாத குழந்தைகள்

கேள்வி: உலகில் ஆண்டுக்கு 3 லட்சம் குழந்தைகள் அரிவாள் செல் நோயோடு பிறப்பதாக ஓரிடத்தில் படித்தேன். இன்னோரிடத்தில் 5 லட்சம் என்கிறார்கள். தலையை எண்ணிச் சொல்வதிலேயே இத்தனை குளறுபடி என்றால், எதை நம்புவது?

பதில்: தலையை யார் எண்ணினார்கள்? ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல வளைத்துவிடும் இந்தப் பரம்பரை நோய்க்கு, இரண்டுமே மதிப்பீடுகள்தான். 2010க்கான முதல் கணக்கு ஏறத்தாழ 3,12,000. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்நோய்க்குக் காரணமான ‘எஸ்’ மரபணு பெற்ற குழந்தைகள் மட்டுமே அதில் உண்டு. 2021க்கான அடுத்த கணக்கு 5,15,000. ஒருவரிடமிருந்து ‘எஸ்’, மற்றவரிடமிருந்து ‘சி’ அல்லது பீட்டா தலசீமியா என்ற வேறு ரத்தக் கோளாறு மரபணு பெற்றவர்களும் இதில் சேர்த்தி. அவர்களுக்கும் இதே நோய்தான்.

ஆங்காங்கே நடந்த ரத்தப் பரிசோதனை ஆய்வுகளிலிருந்து மரபணுவின் விகிதத்தைக் கணித்து, பிறப்பு எண்ணிக்கையோடு பெருக்குகிறார்கள். ஒரு வட்டாரத்தில் 100 மரபணுக்களில் 10 ‘எஸ்’ என்றால், 100 குழந்தைகளில் ஒன்றுக்கு (பத்தில் ஒன்றில் பத்தில் ஒன்று) இரட்டை ‘எஸ்’ இருக்கும். அதுவே 15 என்றால் இரண்டேகால். மரபணுவைக் கணிப்பதில் சறுக்கினால், நோயாளிகளின் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் தாவிவிடும். ஆய்வே நடக்காத ஊர்களுக்குப் பக்கத்து ஊர்களை வைத்துத்தான் கணிக்க வேண்டியிருக்கிறது.

நேராக எண்ண முடியாதா? தாராளமாக முடியும். குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு ரத்தம், அதை உறிஞ்ச ஒரு காகிதம், ஓர் ஆய்வகம் போதும். அமெரிக்காவில் 2006 முதல் எல்லா மாநிலங்களிலும் பிறந்த குழந்தைகளுக்கு இதைச் செய்கிறார்கள். ஆனால், இந்த நோயோடு பிறப்பவர்களில் முக்கால்வாசிக்கு மேல் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில். அங்கே பெரும்பாலான நாடுகளில் நாடு தழுவிய பரிசோதனை கிடையாது. கருவிலிருந்தே வரும் ஹீமோகுளோபின் (ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதம்) முதல் சில மாதங்கள் காப்பாற்றுவதால், பிள்ளை நன்றாகவே தெரியும். பிறகு கை கால் வீங்கும், காய்ச்சல் வரும். இறந்தால் மலேரியா என்றோ நிமோனியா என்றோ எழுதி முடித்துவிடுவார்கள். 2021இல் இந்நோயே காரணமென்று கணக்கில் வந்த மரணங்கள் சுமார் 34,400. இந்நோய் உள்ளவர்களின் எல்லா மரணங்களையும் கூட்டினால் 3,76,000 என்கிறது, 5,15,000 என்ற கணக்கைத் தந்த அதே ஆய்வு.

நீங்கள் கோபப்பட வேண்டியது இந்தப் பதினோரு மடங்கு வித்தியாசத்தைப் பார்த்து. தினமும் பெனிசிலின் கொடுத்தால் இந்நோயுள்ள சிறு குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று 84 சதவீதம் குறையும் என்று 1986இலேயே நிரூபித்துவிட்டார்கள். எந்தக் குழந்தைக்குக் கொடுப்பது என்று தெரிய அந்தச் சில சொட்டு ரத்தத்தைப் பார்த்தாக வேண்டும். அதைத்தான் இன்னும் செய்யாமல் இருக்கிறோம்.